வத்தல்மலையில் பாட்டரிக்கு நாடி பார்த்தோம்

வத்தல்மலை என்றதும் வாசகர்களுக்கு மோர்மிளகாயும் சுண்டைக்காய் வத்தலும் ஞாபகம் வந்தால், பழி பெயருக்குத்தான். அங்கே விளைவது காப்பி, மிளகு, பலா, சாமை. தருமபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். 20-க்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போய் இறங்கினால் மின்விசிறியை மறந்துவிடலாம். 3,000 அடிக்கு மேல் வீசும் காற்று அந்த உத்தியோகத்தைச் சம்பளமில்லாமல் பார்க்கிறது. சின்னச் சின்ன ஊர்கள். வசிப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தார் என்று எண்ணிவிடாதீர்கள். தமிழ் பேசும் மலைவாசிகள்.

நாங்கள் போனது கேரவனில். படப்பிடிப்பில் நட்சத்திரங்கள் இளைப்பாறும் அந்த ஜாதி வண்டிதான். கேரள அரசு 2021-ல் இதற்கென்றே ஒரு சுற்றுலாத் திட்டம் அறிவித்தது. நமக்கு மட்டும் ஆசை இருக்காதா? நாங்கள் வாடகைக்குப் பிடித்தது சிறிய வேன். இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, முழங்கால் உயரத்துக்கு ஒரு குளிர்ப்பெட்டி. அந்தப் பெட்டிக்குள் எங்களுடன் வந்த பெரியவரின் இன்சுலின் இருந்தது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும்.

இத்தகைய வண்டிக்கு இரண்டு பாட்டரிகள். ஒன்று எஞ்சினைக் கிளப்புவதற்கு. நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஓரிரு விநாடி கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். மற்றது வீட்டுக் காரியத்துக்கு. இரவெல்லாம் நிதானமாகக் கொடுக்க வேண்டும் என்பதால் அதன் தகடுகள் தடிமனானவை. உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1859-ல் பிளான்டே என்ற பிரெஞ்சுக்காரர் ஈயத் தகட்டையும் கந்தக அமிலத்தையும் வைத்துச் செய்த அதே சங்கதிதான் இரண்டும்.

எங்களுடையதில் 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தது. ஆயுளைக் கெடுக்காமல் எடுக்கக்கூடியது பாதி. குளிர்ப்பெட்டிக்கு 4 ஆம்பியர், விளக்குகளுக்கு 1 என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் பத்து மணி நேரம் தாங்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு எஞ்சினை நிறுத்தினோம். எட்டுக்கெல்லாம் விளக்கு மங்கிற்று. குளிர்ப்பெட்டி டக்கென்று நின்றது.

"நாள் முழுக்க ஓட்டிக்கிட்டுத்தானே வந்தோம், ஏறும்போதுகூட ஃபுல்னு காட்டிச்சே!" என்றார் டிரைவர்.

பக்கத்து வீட்டு அம்மாள் மருந்தைத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொண்டார். பனிக்கட்டி அறையில் வைக்கப் போனவரைப் பெரியவர் பதறித் தடுத்துக் கீழ்த்தட்டில் வைக்கச் செய்தார். உறைந்த இன்சுலின் உதவாது. அந்த அம்மாளின் மகன் பெங்களூரில் இன்வெர்ட்டர் வேலை பார்ப்பவன், லீவில் வந்திருந்தான். ஒரு மல்டிமீட்டரோடு வந்து குனிந்தான்.

"ஃபுல்னு காட்டறதை நம்பாதீங்க சார். சார்ஜ் ஏறின கையோட பார்த்தா எந்த பாட்டரியும் நல்லாத்தான் காட்டும்."

எஞ்சினைப் போடச் சொன்னான். பாட்டரி முனையில் 14.2 வோல்ட், ஆகவே சார்ஜ் ஒழுங்காக வருகிறது, ஒயரில் பழுதில்லை. எஞ்சினை நிறுத்தி, எல்லா சுவிட்சையும் அணைத்து, எங்கேனும் கள்ளத்தனமாக மின்சாரம் கசிகிறதா என்று அளந்தான். இல்லை. பிறகு அரைமணி சும்மா உட்கார்ந்திருந்தான். எங்களுக்குத்தான் பொறுமையில்லை. இளைப்பாறிய பாட்டரி 12.2 காட்டியது. முழுதாக நிரம்பியிருந்தால் 12.7 இருக்கும்; 12.2 என்றால் பாதி மிச்சம் என்று அர்த்தம். பாதி இருக்கும்போது ஏன் நிற்க வேண்டும்?

குளிர்ப்பெட்டியைப் போட்டான். முள்... இல்லை, இப்போது முள் ஏது, எண்கள் மளமளவென்று சரிந்து 10.8-ல் நின்றன. அணைத்தான், மறுபடி 12-க்கு ஏறிக்கொண்டது. "பாத்தீங்களா? உள்ளே ஆறு அறை. ஒண்ணு படுத்துடுச்சு. வேலை கொடுத்தாத்தான் தெரியுது."

மறுநாள் தருமபுரியில் ஒரு பாட்டரிக் கடையில் மூடிகளைத் திறந்து ஹைட்ரோமீட்டரால் அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தார்கள். ஐந்து அறைகளில் 1240-ஐ ஒட்டி நின்றது, ஆறாவதில் 1120. அந்த அறையில் தண்ணீர் வற்றித் தகட்டின் மேல்பாகம் வெளியே தெரிந்தது. வெள்ளையாகச் சல்பேட் பூத்திருந்தது. இனி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியும் பிரயோஜனமில்லை என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். டிரைவர் முதலாளிக்குப் போன் செய்தார். பேச்சு நீண்டு, கடைசியில் புது பாட்டரி ஏறியது.

இன்சுலின் மலையிலிருந்து ஒரு தெர்மாஸ் பிளாஸ்கில் இறங்கி வந்தது. கூடவே அந்த அம்மாள் கொடுத்த ஒரு பை காப்பிக்கொட்டை. பணம் வாங்க மறுத்துவிட்டார்.