தலைப்பில் மட்டும் இருந்த பனி

அந்த டெண்டர் ஆவணத்தில் லாரிக்கும் பிளேடுக்கும் பக்கம் பக்கமாக அளவுகள் இருந்தன. பனி என்ற சொல் தலைப்பில் மட்டும்தான். எத்தனை அடி பனி, எவ்வளவு ஏற்றம், எத்தனை டிகிரி குளிர் என்று உள்ளே ஒரு வரி கிடையாது. வழக்கு முழுவதும் அந்தத் தலைப்பை ஒரு தரப்பும் உள்ளே இருந்த எண்களை இன்னொரு தரப்பும் பிடித்துக்கொண்டு இழுத்ததுதான்.

தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் பனி என்றால் மார்கழி மாதத்துக் காலைப் பனிதான். ஆனாலும் இமயமலைச் சாலைகளோடு இந்த ஊருக்குப் பழைய உறவு உண்டு. இங்கே இருக்கும் பி.இ.எம்.எல். ஆலை, அந்தச் சாலை வேலைகளுக்கும் போகிற புல்டோசர்களைச் செய்கிற ஆலை. அதை நம்பி இங்கே வெல்டிங் பட்டறைகளும் லேத் பட்டறைகளும் உண்டு. என் கட்சிக்காரர் அப்படி ஒரு பட்டறைக்காரர். இங்கிருந்த தங்கச் சுரங்கத்தின் ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடியதும் கைக்கு வந்த பணத்தில் பட்டறை போட்டார். வடக்கே ஒரு மலை மாநிலத்தின் சாலைத் துறை, தான் ஏற்கெனவே வாங்கி நிறுத்தியிருந்த லாரிகளின் முன்னால் மாட்டப் பனி தள்ளும் பிளேடு கேட்டு டெண்டர் விட, இவர் எடுத்தார். செய்து அனுப்பினார். ஒரு குளிர்காலம் போனது. பணம் வரவில்லை, கடிதம் வந்தது: ‘பிளேடு பயன்பாட்டுக்குத் தகுதியற்றது.’

“அவங்க கொடுத்த டிராயிங்ல ஒரு மில்லிமீட்டர் மாத்தல சார்” என்றார். அதுதான் எங்கள் பலம். பலவீனமும் அதை ஒட்டியே இருந்தது.

1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 16-வது பிரிவைப் படித்தால் விஷயம் விளங்கும். இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவனின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு உதவுமென்ற பொறுப்பு விற்பவன் தலையில். வாங்குபவனே அளவெல்லாம் வகுத்து, இப்படியே செய்து கொடு என்றால்? நம்பிக்கை எங்கே வந்தது என்று நாம் கேட்கலாம். ‘தலைப்பிலேயே பனி அகற்ற என்று சொல்லிவிட்டோமே’ என்றது துறை.

வழக்கை எங்கே போடுவது என்பது முதல் கவலை. வடக்கே போய் நடத்த இவருக்கு வசதி இல்லை. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின் 18-வது பிரிவு கைகொடுத்தது. சரக்குக் கொடுத்த சிறுதொழில்காரன் எந்தப் பகுதியில் இருக்கிறானோ, பணப் பாக்கித் தகராறை விசாரிக்க அந்தப் பகுதிக்கான கவுன்சிலுக்கே அதிகாரம். வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும் சரி. இந்தப் பிரிவு தெரியாமல் பணத்தைக் கைகழுவிய பட்டறைக்காரர்களை எனக்குத் தெரியும். அந்த மாநிலத்து அதிகாரிகள் பெங்களூருக்கு வந்தார்கள். நாங்கள் மாரிக்குப்பம் ரயிலில் போனோம். சமரசம் படியாமல் விவகாரம் நடுவரிடம் போயிற்று.

துறையின் குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, பிளேடு மாட்டியதும் லாரி ஏற்றத்தில் ஏறாமல் பின்சக்கரம் சுழன்றது. மணல் ஏற்றி ஓட்டினால் முன் ஸ்பிரிங் முறிந்தது. இரண்டு, ஹைட்ராலிக் ஹோஸ்கள் குளிரில் விறைத்து வெடித்தன.

முதல் குற்றச்சாட்டுக்கு எனக்குப் பாடம் எடுத்தவர் கட்சிக்காரர்தான், என் மேஜைமேல் ஓர் அடி ஸ்கேலை வைத்து. லாரியின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 4.2 மீட்டர். பிளேடும் அதன் சட்டமும் சேர்ந்து 1 டன். எடையின் மையம் முன் அச்சுக்கு 2.1 மீட்டர் முன்னால் தொங்குகிறது. முன் அச்சில் ஏறுவது 1 டன் அல்ல, ஒன்றரை டன். பின் அச்சில் அரை டன் குறையும். பின்சக்கரம் மட்டும் உந்துகிற லாரி அது. காலியாகப் போனால் பிடிப்பு இல்லை. பிடிப்புக்காகப் பின்னால் மணல் கொட்டினால் அதில் ஒரு பங்கு முன் அச்சிலும் இறங்குகிறது. இது 2018 ஜூலையில் எடை விதி மாறுவதற்கு முந்தைய கதை. அன்று முன் அச்சுக்கு அனுமதி 6 டன். அமெரிக்க, கனடா நகராட்சிகள் பனி லாரி வாங்கும்போது 18,000, 20,000 பவுண்டு, அதாவது 8, 9 டன் தாங்கும் முன் அச்சைக் கேட்டு வாங்குவது வழக்கம். பிளேடைத் தீர்மானித்துவிட்டு அதைத் தாங்கும் லாரியைத் தேடுவார்கள். இங்கே சாதாரணச் சரக்கு லாரியை முதலில் வாங்கிவிட்டு, பிளேடுக்கான அளவை வெளிநாட்டு விளம்பரப் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதியிருந்தார்கள். ‘எடை 1,000 கிலோவுக்குக் குறையக் கூடாது’ என்ற வரி அப்படி வந்ததுதான்.

குறுக்கு விசாரணையில் செயற்பொறியாளரிடம் நீளமாக எதுவும் கேட்கவில்லை.

“லாரியைத் தேர்வு செய்தது யார்?”

“துறையின் கொள்முதல் குழு.”

“1,000 கிலோ என்று எழுதியது?”

“அதுவும் குழுதான்.”

“எழுதும்போது முன் அச்சின் தாங்குதிறனைப் பார்த்தீர்களா?”

அவர் தன் வக்கீலைப் பார்த்தார். நல்ல மனிதர், குழுவில் அவர் இருந்ததே இல்லை என்று பின்னால் தெரிந்தது. எழுதியவர்கள் எல்லாரும் மாற்றலாகிப் போயிருந்தார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். 1934-ல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை தீர்த்த கேமல் லயர்ட் வழக்கைக் கொண்டுவந்தார். கப்பல் கட்டும் கம்பெனி அளவு கொடுத்துச் செய்யச் சொன்ன புரொப்பெல்லர் ஓடும்போது ஓயாமல் இரைந்தது. அளவு கொடுத்த விஷயங்கள் போக, கொடுக்காமல் விட்டவற்றில் செய்பவனின் திறமையைத்தான் வாங்குபவன் நம்பினான், ஆகவே செய்தவன் பொறுப்பு என்பது தீர்ப்பு. அதே தீர்ப்பின் மறுபக்கத்தை நான் படித்தேன்: எடை அவர்கள் கொடுத்தது, லாரி அவர்கள் கொடுத்தது, அந்த இரண்டில் எங்கள் திறமைக்கு இடமே இல்லை.

நடுவர் இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டார். லாரி ஏறாததும் ஸ்பிரிங் முறிந்ததும் துறையின் பாடு. ஹோஸ் பற்றி டெண்டரில் ஒரு சொல்லும் இல்லாததால் அது பட்டறையின் பாடு. பனிக்கு என்று தெரிந்தபின் குளிர் தாங்கும் ரப்பரைப் போட்டிருக்க வேண்டும். ஹோஸ் விலையைக் கழித்து மீதி அசல், அதற்கு ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டுவட்டி. மேலே போவதானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 19-வது பிரிவு. துறை மேலே போகவில்லை.

குளிருக்கென்று தனியாக யோசிப்பது இங்கே தாமதமாகத்தான் வருகிறது. மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத டீசலை இந்தியன் ஆயில் லடாக்கில் அறிமுகப்படுத்தியது 2019 நவம்பரில். இதைச் சொன்னபோது கட்சிக்காரர் டீசலைப் பற்றிக் கேட்கவில்லை.

“அந்த ஹோஸ் காசு, சார். அது நியாயமா?”

“நியாயம்தாங்க” என்றேன்.