பொம்மை ஜீப்பின் ஸ்ப்ரிங்கைக் கழற்றிய கதை

கொஞ்சம் நீளமான த்ரெட். மருத்துவம் கடைசியில்தான் வரும். பொறுமையா வாங்க.

என் மகள் ஏழாவது படிக்கிறாள். போன வருஷம் சிங்கப்பூரில் இருந்து வந்த அவள் மாமா ஒரு ரிமோட் ஜீப் கொண்டுவந்து கொடுத்தார். நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு, எடை கிட்டத்தட்ட 3 கிலோ. இது ரேஸ் விடுகிற வண்டி இல்லை. ராக் க்ராலர் என்பார்கள். நடக்கிற வேகத்தில் பாறை மேல் ஊர்ந்து ஏறுவது மட்டும்தான் இதன் வேலை.

முதல் ஞாயிறு காரைக்குப் போனோம். பெரம்பலூர் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், காரை பள்ளத்தாக்குகளைப் போட்டோவில் பார்த்தால் செவ்வாய் கிரகம் மாதிரியே இருக்கும். பத்து கோடி வருஷம் முன்னால் அது கடல். இறங்கி நாலு அடி நடப்பதற்குள் பாப்பா குனிந்து மண்ணில் பாதி புதைந்திருந்த ஒரு துண்டைக் காட்டினாள். அம்மோனைட்டின் ஒரு சுருள். "அப்பா, இது மேல ஏத்தி ஓட்டுறதா?" என்றாள். எடுத்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினோம்.

அடுத்த ஞாயிறில் இருந்து லாடபுரம். பச்சைமலை அடிவாரம், ஓடையில் நல்ல கெட்டிப் பாறைகள். அங்கேதான் பிரச்சினை ஆரம்பித்தது.

செங்குத்தான பாறையில் ஏறும்போதெல்லாம் ஜீப் மூக்கைத் தூக்கும். ஒரு நொடி யோசிக்கிற மாதிரி நிற்கும். அப்புறம் மல்லாக்க விழும். பத்து தடவை ஏற்றினால் ஏழு தடவை இதே கதை. பாப்பா அதை ஃபோனில் ஸ்லோ மோஷனில் எடுத்து வைத்தாள்.

வாரம் இரண்டு நாள் எனக்கு அரியலூரில் கிளினிக். சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர்கள் ஓடுகிற ஊர் என்பதால் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அதில் ஒரு பட்டறைக்கார அண்ணன் எனக்குப் பழக்கம். என் காரும் அவரிடம்தான் போகும். ஒரு நாள் வெறும் பேச்சுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "சார், ஏறும்போது பாரம் பின்னாடி போயிடும். முன் ஸ்ப்ரிங் அமுங்கித்தானே கிடந்துச்சு? பாரம் விட்டதும் நிமிரும். நிமிர்ந்தா மூக்கைத் தூக்கிவிடும். ஸ்ப்ரிங்குக்கு தூக்கறதைத் தவிர வேற வேலை தெரியாது. கழட்டிட்டு சக்கரத்தைத் தொங்க விட்டுப் பாருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து தேடினால், அவர் சொன்னதற்குப் பெயரே இருக்கிறது. ட்ரூப் சஸ்பென்ஷன்.

சாதாரண வண்டியில் ஷாக் அப்சார்பர் பாதி அமுங்கிய நிலையில் நிற்கும். சக்கரம் மேலே போகவும் இடம் உண்டு, கீழே இறங்கவும் இடம் உண்டு. ட்ரூப் முறையில், வண்டி சும்மா நிற்கும்போதே ஷாக் கிட்டத்தட்ட முழுசாக அமுங்கியிருக்கும். மேலே போக இடமில்லை. கீழே இறங்க மட்டும்தான் இடம். பள்ளம் வந்தால் சக்கரம் தன் எடையிலேயே இறங்கித் தரையைத் தொடும். உடம்பு தாழ்வாகவே இருக்கும். மூக்கைத் தூக்கிவிட அங்கே ஸ்ப்ரிங்கே இல்லை.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், யாராவது வீட்டில் க்ராலர் வைத்திருந்தால் உதவும்.

முதலில் சமையலறைத் தராசில் முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் தனித்தனியாக எடை போட்டோம். பின்பக்கம்தான் கனம். பேட்டரியை முன்னால் நகர்த்தினோம்.

பிறகு நாலு ஸ்ப்ரிங்கையும் கழற்றினோம். உடம்பு தொப்பென்று உட்கார்ந்து, டயர் பாடியில் உரசியது. ஷாக் தண்டில் ஏதாவது தடுப்பு வேண்டும். என்னிடம் காலாவதியான, பிரிக்காத ட்ரிப் செட் ஒன்று இருந்தது. அதன் ட்யூபை 6 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டி மாட்டினோம். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

முன் ஷாக்குகளைத் திறந்து, உள்ளே பிஸ்டனுக்குக் கீழே ஒரு மெல்லிய ஸ்ப்ரிங் போட்டோம். இது தூக்கிவிடாது. உடம்பைக் கீழே இழுத்துப் பிடிக்கும். மெடிக்கல் ரெப் கொடுத்த பேனாவில் இருந்து எடுத்தது. முதலில் முழுசாகப் போட்டோம், சக்கரம் இறங்கவே மாட்டேன் என்றது. பாதியாக வெட்டியதும் சரியாக இருந்தது.

கடைசியாக வண்டியைக் கையில் தூக்கி, சக்கரங்கள் முழுசாகத் தொங்கும்போது ஒவ்வொரு மூட்டையும் பார்த்தோம். பின்பக்க ட்ரைவ் ஷாஃப்ட் கழன்று வந்தது. எலும்பு மூட்டு நழுவுகிற மாதிரிதான், எல்லை மீறித் தொங்கவிட்டால் கழன்றுவிடும். பின் சக்கரம் இறங்கும் அளவைக் கொஞ்சம் குறைத்தோம்.

பலகையில் கால்மிதியை ஒட்டி, சாய்வை ஏற்றிக்கொண்டே போய்ச் சோதித்தோம். முன்பு 44 டிகிரியில் கவிழ்ந்தது, இப்போது 51 வரை தாங்கியது. லாடபுரத்தில் கவிழ்த்துக்கொண்டே இருந்த அதே பாறையில் மூக்கைத் தூக்காமல் பல்லி மாதிரி ஏறியது. சமதரையில் வேகமாக ஓட்டினால் மட்டும் தடதடவென்று அடிக்கும். அது இந்த முறைக்குக் கொடுக்கிற விலை.

(ஒரு எச்சரிக்கை: இது பொம்மைக்கு மட்டும். ரோட்டில் ஓடும் வண்டியில் ஸ்ப்ரிங்கைத் தொடாதீங்க.)

அடுத்த வாரம் அண்ணனிடம் இரண்டு வீடியோவையும் காட்டினேன். ஏறியதை ஒரு தடவை பார்த்தார். கவிழ்ந்ததை மூன்று தடவை பார்த்தார். ஃபோனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"சார், என் தம்பிக்கு அன்னைக்கு நீங்கதானே டூட்டி?"

நான்தான். நாலு வருஷம் முன்னால். சேற்றில் மாட்டிய டிரெய்லரை இழுக்கும்போது டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ்ந்தது. ஸ்டியரிங்குக்கும் தரைக்கும் நடுவில் நெஞ்சு. கொண்டுவரும்போதே உயிர் இல்லை. காயம் பட்ட விதம் என்ற இடத்தில் "டிராக்டர் கவிழ்ந்தது" என்று இரண்டு வார்த்தை எழுதினேன். எப்படிக் கவிழ்ந்தது என்று கேட்கவில்லை. எனக்கு அது தேவையாகவும் படவில்லை.

"ஊர்ல எல்லாரும், பயந்து உட்கார்ந்துட்டான், குதிச்சிருந்தா பொழைச்சிருப்பான்னு சொல்றாங்க. எங்கம்மாவும் அதையேதான் சொல்லி அழுவுது. குதிச்சிருக்க முடியுமா சார்?"

இதற்குப் பதில் எனக்கு இப்போது தெரியும். முன் சக்கரம் தரையை விட்டதில் இருந்து தலைகீழாக விழும் வரை, எங்கள் பொம்மைக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. நிஜ டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ சுமார் ஒன்றரை நொடி. முக்கால் நொடியிலேயே திரும்ப முடியாத கட்டம் தாண்டிவிடும். கண் பார்த்து, மூளை புரிந்து, கால் க்ளட்சுக்குப் போவதற்கே அந்த முக்கால் நொடி போய்விடும். குதிப்பதெல்லாம் அப்புறம்.

"முடியாதுண்ணே. அவர் பயந்ததால போகல. யாரா இருந்தாலும் முடியாது. அம்மாகிட்ட நானே வந்து சொல்றேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "கயித்தை டாப் லிங்க்ல கட்டிக் கொடுத்தது நான்தான் சார். கொக்கி சேத்துக்குள்ள கிடந்துச்சு. கை அழுக்காகுமேன்னு மேல கட்டினேன்" என்றார்.

ஸ்ப்ரிங் எப்படித் தூக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு, கயிறு எப்படித் தூக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதற்கு நான் எதுவும் சொல்லவில்லை. டீ வந்தது, குடித்தோம். கிளம்பும்போது அவரே, "எழுதுங்க சார். பேரு மட்டும் வேணாம். மேல கட்டாதீங்கன்னு எழுதுங்க" என்றார்.

அதனால்தான் இந்த த்ரெட். அவர் சம்மதத்துடன், அடையாளங்களை மாற்றி எழுதியிருக்கிறேன்.

டிராக்டர் ஓட்டுபவர்களும், வீட்டில் டிராக்டர் இருப்பவர்களும் கவனிக்க:

எதை இழுத்தாலும் கீழே இருக்கும் கொக்கியில் மட்டும் கட்டுங்க. டாப் லிங்க், ஆக்சில் என்று மேலே கட்டினால், இழுவை டிராக்டரைப் பின்னால் சாய்க்கும்.

சேற்றில் மாட்டினால் சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னால் எடுக்காதீங்க. சக்கரம் சுற்ற முடியாவிட்டால் உடம்பு சுற்றும். ரிவர்ஸில் எடுங்க, இல்லையென்றால் இன்னொரு வண்டியை வைத்து இழுங்க.

க்ளட்சைப் படக்கென்று விடாதீங்க. மட்கார்டு மேல் யாரையும் உட்கார வைக்காதீங்க.

முடிந்தால் ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் கவிழ்வுப் பாதுகாப்புக் கம்பிக் கூண்டு உள்ள வண்டி வாங்குங்க, கூடவே சீட் பெல்ட்டும் போடுங்க. ஸ்வீடனில் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு இந்தக் கூண்டைக் கட்டாயமாக்கிவிட்டார்கள்.

போன ஞாயிறு அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். பாப்பாவும் வந்தாள். ஜீப்பையும் பலகையையும் எடுத்துப்போனோம். திண்ணையில் வைத்து, கழற்றிய ஸ்ப்ரிங்குகளைத் திரும்ப மாட்டி, இரண்டு தடவை கவிழ்த்துக் காட்டினாள். அம்மா பார்த்துவிட்டு, "இவ்வளவு வெரசாவா?" என்று மட்டும் கேட்டார்.

ஆமாம்மா, இவ்வளவு வெரசா.