இராயப்பரும் பேதுருவும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

மேடையில் ஒருவர் ஒற்றுமை என்று முழங்கினால் உடனே கைதட்டுகிறோம். அதே ஒற்றுமையை வீட்டுக்குள் கடைப்பிடிக்க நேரும்போதுதான் கை சற்றுத் தயங்குகிறது. "கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒரே கூட்டத்தார்தானே, உங்களுக்குள் ஒற்றுமைக்கு என்ன குறை?" என்று வகுப்பு நண்பன் ஒருவன் என்னைக் கேட்டான். சிரித்துவிட்டேன். அன்று சொல்லாத பதிலை ஆண்டு மலரில் எழுதத் துணிந்தேன். பெரிய நூல்களைக் கற்றவன் அல்லேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே எனக்குத் தெரிந்த என் வீட்டைப் பற்றியே எழுதுகிறேன். பிழை இருப்பின் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

என் தந்தையார் தெற்கே நாசரேத்துக்குப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் டர்னர் வேலை. சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர். தாயார் காசிமேட்டில் கடல் தொழில் செய்யும் குடும்பம், ஆர்.சி., அதாவது கத்தோலிக்கர். தாயாரின் தம்பி, என் மாமா, எண்ணூரில் இருக்கிறார். பத்தாண்டுகளுக்கு முன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டார். நான் பிறந்தபோது அப்பாவின் கோயிலில் ஞானஸ்நானம். தங்கை பிறந்தபோது அம்மாவின் கோயிலில். இது எங்கள் வீட்டு உடன்படிக்கை. இரண்டுமே செல்லாது, வளர்ந்த பின் தண்ணீரில் முழுகி எடுத்தால்தான் செல்லும் என்பது மாமாவின் கட்சி. பார்க்கும்போதெல்லாம், "எப்பப்பா முழுக்கு எடுக்கப் போற?" என்பார். "செமஸ்டர் முடியட்டும் மாமா" என்பேன். இப்படியே மூன்று செமஸ்டர் முடிந்துவிட்டது.

கிறிஸ்தவரல்லாத நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்களைப் பிரிப்பவற்றில் பாதி வெறும் சொற்கள். நாங்கள் ஸ்தோத்திரம் என்போம். அம்மா வீட்டில் தோத்திரம். நாங்கள் கர்த்தர் என்போம். அவர்கள் ஆண்டவர் என்பார்கள். இயேசுவின் சீடர்களுக்கே இரண்டிரண்டு பெயர் இருந்தது. எங்கள் பேதுரு அவர்களுக்கு இராயப்பர். எங்கள் பவுல் அவர்களுக்குச் சின்னப்பர். எங்கள் யோவான் அருளப்பர். இராயபுரம் என்ற பெயரே அந்த இராயப்பரால் வந்ததுதான். துறைமுகம் கட்டப்படாத அந்தக் காலத்தில் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கையும் ஆளையும் அலை கடந்து கரை சேர்த்தவர்கள் மசூலா படகுக்காரர்கள். கயிற்றால் தைத்த படகு அது; ஆணி அடித்த படகு அந்த அலைக்குத் தாங்காது. அந்தப் படகோட்டிகளில் கத்தோலிக்கரான குருகுல வம்சத்தார் 1829-இல் எழுப்பியது புனித இராயப்பர் ஆலயம். பேதுருவும் வலை இழுத்தவர்தானே, கடலோடிகள் அவரைத் தங்களவராக எண்ணியதில் வியப்பில்லை. பதினான்கு வயது வரை எனக்கு இது தெரியாது. எங்கள் ஞாயிறு பள்ளியில் பேதுருவைப் பற்றிப் பரிசு வாங்கிய நான், அவர் பெயர் கொண்ட ஊரிலேயே குடியிருந்து, இராயர் என்பவர் யாரோ ஒரு ஜமீன்தார் என்று நினைத்திருந்தேன்!

2019-இல் ஆச்சி எங்களிடம் வந்தார். ஆச்சி என்றால் அப்பாவைப் பெற்றவர். என் பெற்றோரின் திருமணம் 2002-இல் நடந்தது. அன்று முதல் பதினேழு ஆண்டுகள் எங்கள் வாசற்படி ஏறாதவர், சர்க்கரை நோயில் கண் மங்கிப் போனதும், வேறு வழியின்றி வந்தார். "ஆர்.சி.க்காரி, சுரூபத்தக் கும்பிடுதவ" என்பதுதான் இத்தனை நாளும் அவர் சொன்ன காரணம்.

ஆச்சிக்கு ஆர்.சி. மட்டும்தான் அந்நியம் என்று எண்ணிவிடாதீர்கள். தம் சொந்த நாத்தனாரைப் பற்றிப் பேசும்போதுகூட, "அவ சி.எம்.எஸ்.லா, நாம எஸ்.பி.ஜி." என்பார். இரண்டும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷன் சங்கங்கள். இரண்டும் ஒரே ஆங்கிலிக்கன் திருச்சபை. நாசரேத், முதலூர் பக்கம் எஸ்.பி.ஜி.; பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம் பக்கம் சி.எம்.எஸ். அவ்வளவே வித்தியாசம்.

இத்தனைக்கும் தென்னிந்தியத் திருச்சபை ஒன்றான கதை உலகமே திரும்பிப் பார்த்த கதை. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் முப்பதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கூடினார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள். மேல்நாட்டில் என்றோ நடந்த சண்டைகளின் பெயரால் இங்கே நாம் ஏன் பிரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அவர்களுள் முதன்மையானவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-இல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்துப் போதகரின் மகனாய்ப் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராய் உயர்ந்தவர். 1910-இல் எடின்பரோ மாநாட்டில், மிஷனரிமார் எங்களுக்காக உழைக்கிறார்களே தவிர எங்களோடு சரிசமமாய் நட்புக் கொள்வதில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னவர். தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு இருபத்தெட்டு ஆண்டுகள் நீண்டது. 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை ஒரே திருச்சபையாயின. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். லுத்தரன் சபையார் சேரவில்லை. அசரியா அதைக் காணவில்லை. 1945 ஜனவரி முதல் தேதி மறைந்துவிட்டார். அப்போது ஆச்சிக்கு ஐந்து வயது.

இரும்புத் தூளையும் கந்தகத்தையும் வெறுமனே கலந்தால் அது கலவை, காந்தத்தால் பிரித்துவிடலாம். சூடேற்றினால் சேர்மம், பிரியாது என்று முதலாண்டில் படித்தோம். 1947-இல் நடந்தது சேர்மம் என்றுதான் புத்தகங்கள் சொல்கின்றன. ஆச்சியிடம் காந்தத்தைக் கொண்டு போனால் எஸ்.பி.ஜி. தனியே வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் உண்மையான தடை அதுவுமன்று. ஆச்சி ஊரிலிருந்து ஒரு பித்தளைச் செம்பு கொண்டு வந்திருந்தார். அம்மா வடித்த சோற்றை உண்பார். தண்ணீர் மட்டும் அந்தச் செம்பில்தான். நாங்கள் குடிக்கும் தம்ளரைத் தொடமாட்டார். சுரூபத்துக்கும் தம்ளருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. ஒருமுறை ஊரிலிருந்து வந்த அத்தைதான் போட்டு உடைத்தார்: "மதமெல்லாம் சும்மா சொல்லுததுல. மீன்காரச் சாதியில அண்ணன் பொண்ணெடுத்தது அம்மைக்கு ஆகல." அடுப்படியில் நின்ற அம்மாவுக்கு அது கேட்டது. கேட்காததுபோல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

இதைப் படிக்கும் நண்பர்கள் ஆச்சியைத் தூற்ற வேண்டாம். வடக்கன்குளத்தில் 1872-இல் ஒரு கத்தோலிக்கக் கோயில் கட்டினார்கள். வேளாளர் ஒரு பக்கமும் நாடார் ஒரு பக்கமும் இருந்து பூசை காண, நடுவில் தடுப்பு. ஒரே சபை, ஒரே சாமியார், ஒரே பூசை! 1910-இல் அந்தத் தடுப்பை இடித்தபோது வழக்கு உயர்நீதிமன்றம் வரை போயிற்று. இடித்தது செல்லும் என்றே முடிந்தது. அந்தத் தடுப்புக்குத் தாழ்ந்த பக்கம் என்று ஒதுக்கப்பட்டவர்கள் ஆச்சியின் சாதியார்தான். தள்ளி வைக்கப்பட்டவர்களின் பேத்தி, ஒரு செம்பை வைத்துக்கொண்டு இன்னொருவரைத் தள்ளி வைத்தார். ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒருமைப்பாட்டு வாரம். எல்லாச் சபையாரும் ஒரு மாலை சேர்ந்து பாடுகிறோம், தேநீர் குடிக்கிறோம். மறுநாள் குடியரசு தினம்; கொடியேற்றிவிட்டு அவரவர் வழியே போய்விடுகிறோம். அந்தத் தேநீர்க் கோப்பை எத்தனை வீட்டு அடுப்படி வரை போகிறது?

கண் தெரியாத ஆச்சிக்கு மாலைதோறும் வேதம் வாசிப்பது என் வேலை. எங்களுடையது பழைய மொழிபெயர்ப்பு, 1871-இல் வந்தது. வடமொழிச் சொல் நிறைய. ஒருநாள் என் வேதப்புத்தகம் கோயிலிலேயே தங்கிவிட்டது. ஆச்சியோ காத்திருக்கிறார். அம்மாவின் திருவிவிலியத்தை எடுத்தேன். 1995-இல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் கூடிச் செய்த பொது மொழிபெயர்ப்பு அது. அதில் இராயப்பர் பேதுருவாகவும் சின்னப்பர் பவுலாகவும் ஆகிவிட்டார்கள். ஆகவே பெயரால் அகப்பட மாட்டேன் என்று தைரியம். ஆண்டவர் என்று வரும் இடமெல்லாம் கர்த்தர் என்று மாற்றி மாற்றி வாசித்தேன். பத்து வசனம் தாண்டியதும் நாக்குப் புரண்டது.

"ஏலே, யாரு புஸ்தகம் அது?"

"அம்மாவோடது ஆச்சி."

வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, "வெளங்குத மாதிரிதான் இருக்கு. வாசி" என்றார்.

அதன் பின் என் புத்தகத்தில் ஒரு பகுதி வாசித்தால், "உங்கம்ம புஸ்தகத்துல இது எப்படிப் போட்டிருக்கு?" என்று கேட்பது வழக்கமாயிற்று. நான் கல்லூரியில் சேரப் படித்துக்கொண்டிருந்த நாள்களில் அம்மாவே எழுத்துக்கூட்டி வாசித்தார். அம்மா ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். திக்குகிற இடத்தில் ஆச்சி மனப்பாடமாய் எடுத்துக் கொடுப்பார், தம் பழைய சொற்களில். இராயப்பர்தான் பேதுரு என்று அம்மா சொன்ன அன்று ஆச்சி சிரித்த சிரிப்பு இன்றும் காதில் இருக்கிறது. "அப்போ பேதுரு ஊருலயா இத்தன நாளும் கெடக்கேன்!" என்றார். அந்தப் பித்தளைச் செம்பு எந்த நாளில் அடுப்படிக்குப் போய் எல்லாருக்கும் பொதுவானது என்று எவருமே கவனிக்கவில்லை.

2023-இல் ஆச்சி காலமானார். முந்தின இரவு ஆயா, அதாவது அம்மாவின் தாயார், காசிமேட்டுப் பெண்களோடு வந்து ஜெபமாலை சொன்னார். ஊரிலிருந்து வந்த உறவினர் சிலர் எழுந்து தெருவுக்குப் போய் நின்றுகொண்டார்கள். அப்பா உள்ளேயும் இருக்கவில்லை, வெளியேயும் போகவில்லை, வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் எங்கள் குருவானவர் வந்து அடக்க ஆராதனை நடத்தினார். பெட்டியைத் தூக்க ஊர்க்காரர்கள் போதவில்லை. காசிமேட்டு மாமன்மார் நால்வர், லுங்கியை மாற்றி வேட்டி கட்டி வந்திருந்தவர்கள், தோள் கொடுத்தார்கள். காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் ஆர்.சி., சி.எஸ்.ஐ. இருசாராரையும் அடக்கம் செய்கிறார்கள். உயிரோடிருக்கும்போது கிடைக்காத பொது இடம் அங்கே கிடைத்துவிடுகிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத என்னால் இயலாது. அம்மா எங்கள் கோயிலுக்கு வந்தால் திருவிருந்தில் பங்குபெற எங்கள் சபை தடை சொல்வதில்லை. ஆனால் அவருடைய சபை ஒப்புவதில்லை என்பதால் அம்மா எழுவதில்லை. நான் இராயப்பர் ஆலயத்துக்குப் போனால் நற்கருணை வாங்க முடியாது. கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையில் அம்மாவும் தங்கையும் வரிசையில் முன்னே போவார்கள். நானும் அப்பாவும் அவர்கள் எழுந்து போன பெஞ்சில், அவர்களுடைய பைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். என் ஞானஸ்நானம் செல்லும் என்று அவர்கள் சபையே ஒப்புக்கொள்கிறது. பந்தியில் மட்டும் இடமில்லை. அறிஞர்கள் அதற்குக் காரணம் சொல்வார்கள். என் தங்கை ஏழு வயதில், "அண்ணனுக்கு ஏன் தரல?" என்று உரக்கக் கேட்டாள். அப்போது அம்மா சொன்ன பதில் "உஷ்!" என்பதுதான்.

சென்ற நவம்பர் 2, கல்லறைத் திருநாள். ஆச்சியின் கல்லறையில் அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினார். கடற்காற்று விடவில்லை, இரண்டு முறை அணைந்தது. மூன்றாம் முறை அப்பா குனிந்து இரு கைகளாலும் மறைத்துக்கொண்டார். எங்கள் ஊர் வழக்கத்தில் மெழுகுவர்த்தி கிடையாது. ஆச்சியின் பித்தளைச் செம்பில் தண்ணீர் ஊற்றிப் பூ வைத்தாள் தங்கை. சாமந்தி வாங்கி வந்தவர் எண்ணூர் மாமா. ஆனால் இறந்தவர்களுக்காக ஜெபிப்பது அவருடைய சபையில் ஆகாது. ஆகவே வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நீங்க போய்ட்டு வாங்க, வண்டிய நான் பாத்துக்கறேன்" என்றார். திரும்பி வரும்போது, "பூ பத்துச்சா?" என்று கேட்டார்.