பின்னால் வருபவரின் வேகம்

பயணம் என்பது புறப்படும் நாளில் தொடங்குவதன்று. திட்டமிடும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. யார் வருவார், யார் வீட்டில் தங்குவார், யார் ஓரமாய் உட்கார்ந்து பிறர் மகிழ்வதைப் பார்த்திருப்பார் என்பவையெல்லாம் அன்றே, பெரும்பாலும் எவரும் வாய்திறந்து சொல்லாமலேயே, முடிவாகிவிடுகின்றன. கொடைக்கானலில் குடும்பத்தோடு ஒரு மிதிவண்டிச் சவாரி செல்வதற்காக நாம் இப்போது செய்துவரும் ஏற்பாடுகள் இதனை நன்கு உணர்த்தின.

நம் வீட்டு இளைஞர்கள் முதலில் சொன்ன இடம் பேரிஜம். கொடைக்கானல் நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், காட்டின் நடுவே அமைந்த ஏரி அது. சுற்றிலும் சோலைக்காடுகள், பைன் மரத் தோப்புகள், அவற்றிடையே நடமாடும் காட்டெருமைகள். கீழே பெரியகுளத்து மக்கள் பருகும் நீரும் அந்த ஏரியிலிருந்தே இறங்கி வருகிறது. அழகில் அதற்கு ஈடு சொல்வது அரிது. ஆயினும் அங்கே வனத்துறையின் அனுமதியின்றி நுழைய இயலாது. பாதையோ ஏற்றமும் இறக்கமுமாய்ச் செல்வது. போக வர 40 கிலோமீட்டர். இளைஞரின் கால்களுக்கு அது எளிதாகவே இருக்கலாம்.

ஆனால் ‘எளிய சவாரி’ என்று சொல்லும்போது யாருடைய கால்களை அளவுகோலாகக் கொள்வது? மக்களுக்குத் தொழுகை நடத்துபவர் அதனை இலகுவாக நடத்த வேண்டும். பின்னால் நிற்போரில் பலவீனரும் முதியோரும் அவசர அலுவல் உடையோரும் இருப்பர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். முன்னே நிற்பவர் பின்னே நிற்பவரின் ஆற்றலை எண்ணிப்பார்க்க வேண்டும் என்பது இறைவணக்கத்திலேயே விதியென்றால், உல்லாசப் பயணத்திற்கு அது எவ்வளவு பொருந்தும்!

நம் குழுவில் பின்னே நிற்பவர் எம் மூத்த சகோதரியார். வயது 58, முழங்கால் வலி உண்டு. பேச்சு தொடங்கியதுமே அவர், “நீங்கள்லாம் போயிட்டு வாங்க தம்பி, நான் பையையும் செருப்பையும் பாத்துக்கிட்டு இங்கேயே உக்காந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டார். நம் குடும்பங்களில் இந்த வாக்கியத்தைக் கேளாதவர் யார்? கடற்கரையிலும் கேட்டிருக்கிறோம், அருவிக்கரையிலும் கேட்டிருக்கிறோம். தியாகம் என்று அதற்குப் பெயர் சூட்டி, நன்றியும் சொல்லிவிட்டு, நாம் நடந்துவிடுகிறோம்.

அவர் மிதிவண்டி அறியாதவரா? புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டு அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அன்றைய ஆட்சித் தலைவர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் முயற்சியால், எழுத்தோடு மிதிவண்டியும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. நாட்டுப்புறப் பெண்கள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு கற்றனர். அவர்களிடையே முஸ்லிம் பெண்களும் இருந்தனர். எம் சகோதரியாரும் அவர்களுள் ஒருவர். கணவர் வளைகுடா நாட்டில் இருந்த காலத்தில், பாரில் பிள்ளையை அமர்த்தி மருத்துவரிடம் கொண்டு சென்றதும், பின்னால் அரிசி மூட்டையை வைத்து மிதித்ததும் அவர்தாம். பின்னர் நகரத்தில் குடியேறினார். முப்பது ஆண்டுகளாய் அவர் கால்கள் மிதிகட்டையைத் தொடவில்லை. யாரும் தடுத்ததில்லை, யாரும் அழைத்ததுமில்லை.

ஆகவே பேரிஜத்தை விடுத்து, நகரத்து ஏரியையே தேர்ந்தோம். மதுரையில் ஆட்சித் தலைவராய் இருந்த லெவிஞ்சு என்னும் ஆங்கிலேயர் 1863-இல் அமைத்த ஏரி அது. நட்சத்திர வடிவில் கிளைத்துக் கிடப்பது. அதனைச் சுற்றிச் செல்லும் சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். ஒருபுறம் நீர், மறுபுறம் ஓங்கிய மரங்களின் நிழல். அடர்ந்த காடு அன்றெனினும் காட்டின் மணம் அங்கும் உண்டு. வண்டிகள் கரையிலேயே வாடகைக்குக் கிடைக்கின்றன.

வட்டப்பாதைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. எந்த இடத்தில் சோர்ந்து நின்றாலும், முன்னோக்கியோ பின்னோக்கியோ, தொடங்கிய இடம் இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் இராது. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல மிதித்தாலும் சுற்று முழுவதற்கும் 40 நிமிடத்திற்குள்தான். இருமுறை கால்மணி நேரம் இளைப்பாறினாலும் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இளைஞர்கள் வேண்டுமானால் மற்றொரு சுற்றுச் சுற்றட்டும்.

எனினும் இடம் சமதளமென்று அசட்டையாய் இருத்தல் கூடாது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடல்மட்டத்தோடு ஒப்பிட அங்கே காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியிலிருந்து ஏறிச் செல்வோர்க்குச் சிறு ஏற்றத்திலும் மூச்சு வாங்குவது அதனால்தான். ஆகையால் சென்று சேரும் நாளில் ஓய்வு, மறுநாள் காலையில் சவாரி என்று வகுத்தோம். சொந்த வண்டியில் செல்வோர்க்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்திருப்பதால், அதனையும் முன்னரே பெற்றுக்கொள்ள வேண்டும்.

வண்டியைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். இருக்கையில் அமர்ந்தபடியே தரையில் கால் ஊன்றும் அளவுக்கு அதனைத் தாழ்த்த வேண்டும். பல்லாண்டு கழித்து ஏறுபவருக்கு இதுவே பெரும் துணிவு. இரு பிரேக்குகளையும் அழுத்திப் பார்க்க வேண்டும். புர்காவோ சேலையோ அணிந்தவர் செயின் கவர் உள்ள வண்டியையே எடுக்க வேண்டும். ஆடையின் ஓரம் சங்கிலியில் சிக்கினால் விளைவு விபரீதமாகும்.

“இந்த வயதில், நாலு பேர் பார்க்கும் இடத்தில், ஒரு பெண் சைக்கிள் ஓட்டுவதா?” என்று உறவினர் ஒருவர் முகம் சுளித்தார். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில், உடன்வந்தோரை முன்னே செல்லச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தியை அவருக்கு நினைவூட்டினோம். அன்று வென்றவர் அன்னையார். பிற்பாடு ஒருமுறை ஓடியபோது வென்றவர் பெருமானார். மகிழ்ச்சியை மறுக்காமலும் நாணத்தைக் காத்தும் வழிகண்ட அந்த ஏற்பாட்டின் அழகை எண்ணிப் பாருங்கள்! நாம் எவரையும் முன்னே போகச் சொல்ல இயலாது; ஆனால் கூட்டம் சேருமுன் செல்லலாம். சுபுஹுத் தொழுகை முடித்து, பனி விலகி வெளிச்சம் பரவியதும் தொடங்கினால், வேன்களும் குதிரைகளும் நெருக்கும் முன்னே சுற்று முடிந்துவிடும். ளுஹருக்கு நகரத்துப் பள்ளிவாசல். பயணிகளுக்குக் கஸ்ர் எனும் சலுகை இருக்கிறது. வணக்கத்தையே சுருக்கிக்கொள்ள இடமளித்த மார்க்கத்தில், பயணத் தொலைவைச் சுருக்குவதில் இளைஞர்களுக்கு என்ன குறை வந்துவிடும்?

வரிசையையும் வகுத்துவிட்டோம். முன்னே செல்பவர் எம் சகோதரியார்; அவர் நின்றால் அனைவரும் நிற்பர். நீரும் பேரீச்சம்பழமும் பையோடு இளைஞர் முதுகில். காவல் காக்கச் செருப்பும் இல்லை, மூட்டையும் இல்லை.

இவற்றையெல்லாம் அவரிடம் சொன்னபோது, வருகிறேன் என்றோ, வரவில்லை என்றோ அவர் கூறவில்லை. சற்று நேரம் கழித்து, “பார் வச்ச சைக்கிள் கிடைக்குமா தம்பி? எனக்கு அதுதான் பழக்கம்” என்று மட்டும் கேட்டார்.

வாசக நேயர்களே, உங்கள் வீட்டிலும் ‘நீங்கள் போய் வாருங்கள்’ என்று சொல்பவர் ஒருவர் இருப்பார். அடுத்த பயணத்திற்கு இடத்தையும் நாளையும் குறிக்கும் முன் அவரிடம் கேளுங்கள். அவரால் எவ்வளவு தூரம் இயலுமோ அதுவே அப்பயணத்தின் தூரமாக இருக்கட்டும். இளையோர் ஓடுவதற்கு இன்னும் எத்தனையோ ஆண்டுகள், இன்ஷா அல்லாஹ், காத்திருக்கின்றன.