கம்பத்தின் மேல் ஒருவர்

மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடுகளைப் பொருத்தி இரண்டு கோடைகள் கடந்துவிட்டன. நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரை தருகின்றன. வீடு செலவழித்தது போக மிஞ்சியது வாரியத்தின் கம்பிக்குப் போகும். இரவில் அங்கிருந்து திரும்ப வாங்கிக்கொள்வோம். அண்டை வீட்டோடு அரிசி கைமாற்று வைத்துக்கொள்வதைப் போன்ற உறவு. இருவழி மீட்டர் கணக்கு எழுதுகிறது.

தெருவில் மேலும் சில வீடுகளில் தகடுகள் வந்தபின் ஒரு சிக்கல் முளைத்தது. எங்களுடையது கடைசி வீடு. உச்சிப் பொழுதில் எல்லோரும் வேலைக்குப் போயிருக்க, மிகுதியை எடுத்துக்கொள்ள ஆளின்றிக் கம்பியில் மின்னழுத்தம் ஏறும். வரம்பு தாண்டினால் இன்வெர்ட்டர் தானே ஒதுங்கிவிடும். ஆகவே மோட்டாரையும் கிரைண்டரையும் நண்பகலுக்கு மாற்றினோம். ஓரளவு பலித்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. தகடுகள் வாங்கியதே படுக்கையில் இருக்கும் அம்மாவுக்காகத்தான். "இனிமே உனக்கு ஃபேன் நிக்காதும்மா" என்று சொல்லியிருந்தேன். அந்த நம்பிக்கையில் பழைய யுபிஎஸ்ஸையும் பேட்டரியையும் விற்றும்விட்டேன். சித்திரை மாதத்துப் பராமரிப்பு நாளில், காலை 9 மணிக்கு மின்சாரம் நின்றது. கூடவே என் சூரியனும் நின்றது. தலைக்கு மேல் அத்தனை வெயில். அம்மாவின் மின்விசிறி அசையவில்லை.

பொருத்திய இளைஞரைத் தொலைபேசியில் கடிந்துகொண்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், போஸ்ட்ல ஆள் இருப்பாங்கல்ல?" என்றார்.

வெளிமின்சாரம் போனால் இரண்டு நொடிக்குள் தன்னைத் துண்டித்துக்கொள்ளும்படிதான் அந்தக் கருவி செய்யப்படுகிறது. இல்லையேல் என் வீட்டு மின்சாரம் தெருக்கம்பியில் ஏறும். மின்மாற்றி வழியே தலைகீழாகப் புகுந்து 11,000 வோல்ட்டாகவும் மாறக்கூடும். கம்பி செத்துக் கிடக்கிறது என்று நம்பி ஒருவர் அதில் கைவைத்திருப்பார்.

எனக்கு இது தெரியாததல்ல. சிறுவயதில் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தின் ஜெனரேட்டர் மின்சாரம் இப்படித்தான் வெளியே கசிந்தது. கம்பத்திலிருந்து விழுந்தவர் பிழைத்தார். வலது கை பிழைக்கவில்லை. டீக்கடை பெஞ்சில் இடக்கையால் கிளாஸைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்ததைப் பல வருடங்கள் பார்த்திருக்கிறேன். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு அம்மாவின் அருகில் அமர்ந்தேன். காரணத்தைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் புள்ளைக்கும் வேர்க்கும்ல" என்றாள்.

மறுவாரமே அவளுடைய மின்விசிறிக்கென்று சிறிய யுபிஎஸ் ஒன்றும் பேட்டரியும் வாங்கினேன். பராமரிப்பு நாட்களில் இன்வெர்ட்டர் இப்போதும் மௌனமாகத்தான் இருக்கிறது. அதன்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.