தோல் மிஞ்சும், நிறம் மிஞ்சாது

ஆம்பூரில் இருபது வருடமாகத் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். கறுப்பு மாடோ, செவலை மாடோ, சுண்ணாம்புத் தொட்டியில் முடி போய், குரோமில் பதப்பட்டு வெளியே வந்தால் எல்லாத் தோலும் ஒரே வெளிர்நீலம்தான். தோல் அழுகாமல் நிற்கும். மாட்டின் நிறம் நிற்காது.

பறவைக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைத்தால் இறகின் நிறம் பெரும்பாலும் தங்கும். ஆனால் கண், கால், இறகில்லாத கழுத்து ஆகியவற்றின் நிறம் சீக்கிரமே மங்கிவிடும். கலர் போட்டோ இல்லாத காலத்தில் அவற்றைக் காப்பாற்றித் தந்தவை வாட்டர் கலர் ஓவியங்கள்.

அப்படி வரைந்தவர்களில் ஒருவர் எலிசபெத் க்வில்லிம். சென்னை உச்ச நீதிமன்ற நீதிபதியின் மனைவியாக 1801-ல் இங்கே வந்தார். பறவை பிடிப்பவர்கள் கொண்டுவந்த பறவைகளை நேரில் பார்த்து வரைந்தார். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த 1806-ல் அவர் சென்னையில்தான் இருந்தார். அடுத்த வருடமே இங்கேயே இறந்துபோனார். யாருக்கும் தெரியாமல் கிடந்த அந்த ஓவியங்கள், 1924-ல் லண்டனில் கேசி வுட் என்ற மருத்துவர் கண்ணில் பட்டன. நூற்றுக்கும் மேற்பட்ட அந்தப் பறவைகள் இப்போது கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. செல்போனிலேயே பார்க்கலாம்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அவற்றைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "தாத்தா சொல்ற பிணந்தின்னிக் கழுகு நம்ம ஊர்ல இருந்ததுக்கு என்னப்பா ஆதாரம்?"

என் அப்பா சின்ன வயதில், பாலாற்றங்கரையில் செத்த மாட்டைச் சுற்றிக் கழுகுகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகக் கழுகுகளைக் கொன்றது. 2006-ல் அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். அதற்குள் நாடு முழுக்கப் பெரும்பாலான கழுகுகள் போய்விட்டன. தமிழ்நாட்டில் இன்று நீலகிரி, மோயாறு பக்கம் போனால்தான் பார்க்க முடியும். எங்கள் வீட்டில் ஆதாரம் என்றால் அப்பாவின் வாய்ச்சொல் மட்டும்தான்.

அவள் தாத்தாவை உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு வரைந்தாள். "தலை இன்னும் செவப்பா இருக்கும் பாப்பா" என்று மூன்று முறை திருத்தினார் அப்பா. எழுபது வயதுக்கு மேல், அந்தச் சிவப்பு மட்டும் அவருக்கு மறக்கவில்லை. ஆனாலும் நினைவிலிருந்து வரைந்தது வேறு, கண்ணெதிரே பார்த்து வரைந்தது வேறு.

அதனால் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஏரிக்கரைக்குப் போகிறோம். போன வாரம் ஒரு நீலத் தாழைக்கோழி. நீல உடம்பு, சிவந்த அலகு, சிவந்த நெற்றி. படத்தின் கீழே தேதி, நேரம், ஏரியின் பெயர் எழுதச் சொன்னேன். படம் கொஞ்சம் கோணலாக வந்தாலும் பரவாயில்லை, அந்த மூன்றும் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் கலர் பெட்டி இருக்கும்; ஊரில் இன்னும் ஏதாவது ஒரு பறவை இருக்கும். அது இருக்கும்போதே வரைந்து வையுங்கள்.