எக்ஸ்ட்ராக்ட்

ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண். லைசென்ஸ் எக்ஸ்ட்ராக்ட் கேட்டு அப்பாவும் மகனும் நிற்கிறார்கள். அப்பாவுக்கு வலது முன்கை மட்டும் நல்ல கறுப்பு. ஜன்னலோரத்துக் கை. லாரியோ பஸ்ஸோ, காலமெல்லாம் ஓட்டிய ஆள்.

மகனுக்கு அடுத்த மாதம் கனடா. ஒன்டாரியோவில் இரண்டு வருஷம் ஓட்டிய அனுபவத்தைக் காட்டினால் இடைப்பட்ட ஜி-2 லைசென்ஸில் காத்துக் கிடக்காமல் நேரே முழு லைசென்ஸுக்கான ஜி டெஸ்டுக்குப் போகலாம். ஒரு வருஷம் வரைக்கும் நாமே எழுதிக் கொடுத்தால் போதும். அதற்கு மேல் என்றால் லைசென்ஸ் கொடுத்த இடத்திலிருந்து கடிதம் வேண்டும். அதற்குத்தான் இந்த எக்ஸ்ட்ராக்ட்.

“நம்பர்லயே 2009 இருக்கேக்கா.” டி.என். 72க்கு அடுத்த நான்கு இலக்கத்தில் விரலை வைக்கிறான்.

“அது நமக்குத் தெரியும். அங்க உள்ளவன் அட்டையில தேதியப் பாப்பான். இது விலாசம் மாத்திப் போன வருஷம் வாங்கினதுல்லா?”

சாரதி தளம் சுற்றிச் சுற்றித் திறக்கிறது. பிறந்த தேதி, ஓ.டி.பி. பிறகு விவரம்: முதலில் கொடுத்த நாள், கொடுத்த அலுவலகம், பைக்குக்கு என்றைக்கு, காருக்கு என்றைக்கு, எதுவரை செல்லும்.

அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிகிறார். “இடிச்சது, மோதினதெல்லாம் எங்க இருக்கு?”

“இதுல வராது அண்ணாச்சி. ஃபைன் போட்டிருந்தா இ-சலான்ல தனியாப் பாக்கணும்.”

“அங்க அப்படி இல்லப்பா,” என்கிறான் மகன். “ரெக்கார்டுலயே தப்புக்குத் தக்கன பாயின்ட் ஏறும். 15 ஆச்சுன்னா லைசென்ஸ் சஸ்பெண்ட்.”

“இடிக்காம ஓட்டுனா?”

“ஒண்ணும் ஏறாது. சைபர்தான்.”

இங்கே எக்ஸ்ட்ராக்டில் அனுமதி மட்டும் பதிவு. அங்கே தப்பும் பதிவு. ஒழுங்காக ஓட்டியதை எழுதிவைக்க இரண்டு ஊரிலும் கட்டம் இல்லை.

அப்பா சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட பழைய லைசென்ஸ் புத்தகத்தை எடுக்கிறார். “என்னதையும் பாரு தாயி.”

தட்டிப் பார்க்கிறாள். ஒன்றும் வரவில்லை. “பழைய புத்தகம்லா, கம்ப்யூட்டர்ல ஏத்தல. ஆபீஸ்ல பேக்லாக்ல ஏத்துவாங்களான்னு கேட்டுப் பாருங்க.”

“இனி லாரியா ஓட்டப் போறீங்க? வாங்கப்பா.”

“ஓட்டியிருக்கேன்லா?” உறையைத் துடைத்துக்கொண்டே அந்தப் பெண்ணிடம் திரும்புகிறார். “எத்தனாவது கவுன்டர் தாயி?”